இன்சுவையும் இருவினையும்

உயிர்கட்குத் தனு, கரண, புவன, போகங்களை இறைவன் படைத்தளிப்பது அவை மலநீக்கம் பெற்றுத் தன் திருவடி எய்துதற்பொருட்டே என்பது சைவசித்தாந்தத்தின் துணிபு. இந்நான்கனுள் போகமாவது உயிர் நுகர்தற்குரிய பொருள். அந்நுகர்ச்சியுள் நாள்தோறும், அரசனுக்கும் ஆண்டிக்கும் ஒப்ப நிகழ்வது உணவு. நூல்முன் இருந்து நுண்பொருள்களை ஆராயும் நாம், இலைமுன் அமரும்பொழுது அவ்வாராய்ச்சியைச் சுவடியோடு சேர்த்துக் கட்டி வைத்துவிடுகின்றோம். சர்க்கரையையும் சோற்றையும் குறைத்துண்க என்று மருத்துவர் கூறுமிடத்து, அஃது உடம்பைப் பற்றிய செய்தி, சமயத்திற்கு அதனோடு தொடர்பில்லை என்று சிலர் கடந்துபோகின்றனர். வேறு சிலர் சமயத்தின் பெயரையே சொல்லி அவ்வறிவுரையைத் தட்டிக் கழிக்கின்றனர். ஆதலின், இனிப்பையும் மாவுப்பொருளையும் குறைத்துண்டல் உடல்நலத்தின்பாற் படுவது மட்டுமோ, அன்றிச் சிவநெறி ஒழுக்கத்தின்பாலும் படுவதோ என்னும் வினாவை ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

முதற்கண் நோயின் வரலாற்றையும் இன்றைய நிலையையும் அறிதல் வேண்டும். நீரிழிவு புதிதாகத் தோன்றிய நோயன்று. தமிழ்ச் சித்த மருத்துவ நூலார் மேகநோயை 20 வகையாகப் பகுத்து, மதுமேகத்தை அவற்றுள் ஒன்றாக வைத்தனர். ஆயுள்வேத நூலாராகிய சரகரும் சுசுருதரும், உடலுழைப்பின்றிச் சோம்பியிருந்து இனிப்பும் கொழுப்பும் மிக உண்பாரிடத்து இது தோன்றும் எனக் கண்டு கூறினர். மேனாட்டில், நோயாளியின் நீரிலுள்ள இனிமை சர்க்கரையே என்பதை 1776-இல் மாத்தியூ டாப்ஸன் என்னும் மருத்துவர் மெய்ப்பித்தார். 1921-இல் டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்னும் இருவர் இன்சுலின் என்னும் சுரப்புநீரைப் பிரித்தெடுத்தமையால், அதுகாறும் சாதற்கே உரியராயிருந்த இளஞ்சிறார் பலர் உயிர்பிழைக்கும் வழி பிறந்தது.

முன்னாளில் இது செல்வர் சிலர்க்கே உரிய நோய் எனக் கருதப்பட்டது. இந்நாளில் அந்நிலை மாறிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் கூடி நாடு முழுதும் நிகழ்த்திய ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. அதன்படி இந்நாட்டிற் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடையர். 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாயிலில் நிற்கின்றனர். தமிழ்நாட்டில் வயது வந்தோருள் நூற்றுவர்க்குப் பதினால்வர் இந்நோயுடையர் எனக் கணக்கிடப்பட்டது. மாகேசுவர பூசைப் பந்தியில் நூறு இலை போடப்படின், பதினான்கு இலையின் முன்னே இந்நோயும் உடன் அமர்ந்திருக்கின்றது என்று கொள்க. பந்தியில் அமரும் அடியாருட் பெரும்பாலார் முதியராதலின் அத்தொகை மிகுமேயன்றிக் குறையாது.

இனி, உணவுக்கும் இந்நோய்க்கும் உள்ள இயைபு யாதெனின், கூறுதும். சோறு, இட்டலி, தோசை, உப்புமா, கிழங்கு, சவ்வரிசி ஆகியவை நாவிற்கு இனிப்பாகத் தோன்றாவாயினும், அவற்றிலுள்ள மாவுச்சத்து குடலிற் சிதைந்து குளூக்கோசு என்னும் சர்க்கரையாகவே குருதியிற் கலக்கின்றது. நூறு கிராம் அரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து உளது. ஒரு சிறு கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 5 கிராம். ஆகவே நூறு கிராம் அரிசியைச் சமைத்துண்பவர், பதினைந்து கரண்டிச் சர்க்கரைக்கு ஒப்பானதைத் தம் குருதிக்கு அளிக்கின்றார். தவிடு நீங்காத அரிசியாயின் அஃது ஓரளவு தாழ்த்துக் கலக்கும். தீட்டிய வெள்ளரிசியாயின் விரைந்து கலக்கும். அச்சர்க்கரையைத் தசை முதலியவற்றுட் புகுத்தற்குக் கணையம் இன்சுலினைச் சுரக்கின்றது. ஆண்டுக்கணக்கில் உணவு அளவிறந்து வந்து உடல் பருத்து உழைப்பும் குன்றியவிடத்துத் தசைகள் அவ்வின்சுலினின் ஏவலைக் கேளாதொழியும், கணையமும் இளைக்கும், குருதியிற் சர்க்கரை தேங்கும். பெற்றோர்வழி வரும் இயல்பும் இதற்குத் துணையாம். தேங்கிய சர்க்கரை, வலியோ ஓசையோ இன்றிக் கண்ணின் நுண்குழாய்களையும் சிறுநீரகத்தையும் கால் நரம்புகளையும் நாளடைவிற் சிதைக்கும்.

நம் நாட்டார் உணவினால் எய்தும் ஆற்றலில் நூற்றுக்கு ஏறத்தாழ 62 பங்கு மாவுப்பொருளிலிருந்தே வருகின்றது என, மேற்கூறிய ஆய்வின் தொடர்ச்சியாக 2025-இல் வெளிவந்த கட்டுரை காட்டுகின்றது. அதன்கண் நாம் ஊன்றிக் கருதத்தக்கது பிறிதொன்றும் உளது. வெள்ளரிசியை விடுத்துக் கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறியவிடத்தும், மாவுப்பொருளின் மொத்த அளவு குறையாதாயின், நோய்ப்படும் வாய்ப்புக் குறைந்ததாகக் காணப்படவில்லை. மாவுப்பொருளினின்று வரும் ஆற்றலில் ஐந்து பங்கினை மட்டும் பயறு, பருப்பு, பால், தயிர் ஆகியவற்றின் புரதத்தால் ஈடுசெய்தவிடத்து அவ்வாய்ப்புக் குறைந்து காணப்பட்டது. வகை மாறுதல் போதாது, அளவு மாறுதல் வேண்டும் என்பதே இதனாற் போதரும் பொருள். அளவு என்னும் இச்சொல்லையே யாம் எம் ஆராய்ச்சிக்கு உயிராகக் கொள்கின்றாம்.

யாம் வாழும் திருமுதுகுன்றமாகிய விருத்தாசலத்தைச் சூழ்ந்த நாடு கரும்பு விளையும் நாடு. மெய்கண்டதேவர் தோன்றியருளிய திருப்பெண்ணாகடம் இதற்கு அணித்து. அவ்வழிச் செல்வார் கரும்புத் தோட்டங்களைக் காணாது செல்லார். இம்மாவட்டத்து நெல்லிக்குப்பத்திற் சர்க்கரை ஆலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுந்தது. 1912-இற் கோயம்புத்தூரில் நிறுவப்பெற்ற கரும்பு ஆராய்ச்சி நிலையத்தார் புதிய கரும்பினங்களைத் தோற்றுவித்தபின் விளைவு பெருகிற்று. வெண்சர்க்கரை ஏழையர் அடுக்களையிலும் புகுந்தது. முன்னோர் பொங்கல் நாளிலும் திருவிழாவிலும் கண்ட இனிப்பினை நாம் நாளொன்றுக்கு மூன்று முறை காப்பியிலேயே காண்கின்றோம். கரும்பு விளைப்பார் மேலும் ஆலை நடத்துவார் மேலும் இதன்பொருட்டுக் குற்றஞ் சாற்றுதல் முறையன்று. திருவிழா நாள்தோறும் வந்துவிட்டது என்று கொண்ட நம் நாவின்மேலதே குற்றம்.

இவ்வூர் பீங்கான் தொழிலுக்கும் பெயர்பெற்றது. அத்தொழிலைப் பயிற்றும் அரசினர் பயிற்சிக்கூடமும் ஈண்டு உளது. மண், திரிகை, குயவன் என்னும் மூன்றும் சித்தாந்தம் பயிலப் புகுவார் முதலிற் கேட்கும் உவமை. மண்போல மாயை முதற்காரணம். திரிகைபோலச் சத்தி துணைக்காரணம். குயவன்போல இறைவன் நிமித்தகாரணன். இதனை ஓதியும் ஓதுவித்தும் வரும் நாம் அதன்பாற் கிடந்த ஒன்றைக் கருதாது விடுகின்றோம். குயவன் கலம் வனைவது கலத்தின்பொருட்டன்று, அதனாற் கொள்ளப்படும் பயன்பொருட்டு. சூளையினின்றும் பழுதின்றி வந்த கலமேயாயினும், அதற்கென ஓரளவு உண்டு. அவ்வளவுக்கு மேற்பட்ட சுமையேற்றி அது விரிந்தபின், வனைந்தவனை நோதல் அறிவுடையார் செயலாகாது.

அற்றேல், உடம்பு மாயாகாரியம், நிலையாதது, விட்டொழிதற்குரியது; அதனைப் பேணுமாறு கூறுதல் தேகவாதியின் கொள்கையாமன்றோ எனின், ஆகாது. மாயை உயிர்க்கு இருளிடை ஏற்றிய விளக்குப் போல்வது என்பது நம் ஆசிரியர் கொள்கை. ஞாயிறு எழுந்தபின் விளக்கு வேண்டா; எழுமளவும் வேண்டும். விளக்கையே ஞாயிறெனக் கொள்வோன் தேகவாதி. விடியுமுன்னே விளக்கை அணைப்போனோ இருளிற் கிடப்பான். இவ்விரண்டனுள் ஒன்றற்கு அஞ்சி மற்றொன்றில் வீழ்தல் முறையன்று. இக்கருத்துப்பற்றியன்றோ திருமூலநாயனாரும் மூன்றாந் தந்திரத்துட் காயசித்தியுபாயம் என ஒரு பகுதி வகுத்தருளினார்! திருநாவுக்கரசு சுவாமிகள் திருவங்கமாலையில் தலை முதலாக உறுப்புத்தோறும் அவ்வவற்றுக்குரிய திருத்தொண்டினைப் பணித்தருளினார். கண் காண்டற்கும், கால் வலம்வருதற்கும் உரியன. இந்நோய் முதற்கண் கவர்வனவும் கண்ணும் காலுமே. யாம் அறிந்த ஓதுவார் ஒருவர், பண்ணொன்றும் பிறழாது பாட வல்லவர், ஐம்பது வயது கடக்குமுன் கண்ணொளி குன்றினார். பின்னர்க் காற்புண் ஆறாது ஒரு பாதத்தையும் இழந்தார். பாடலெல்லாம் நெஞ்சில் இருந்தன. படியிறங்கி ஆழத்துப் பிள்ளையார் திருமுன் சென்று பாடுதற்குக் கால் இல்லாதாயிற்று. அவர்க்கு இனிப்பை அன்பினால் ஊட்டினார் பலர். வேண்டா எனத் தடுத்தார் ஒருவரும் இலர். இதனை நோக்குவார்க்கு, உடம்பைப் பேணுதல் தொண்டினைப் பேணுதலே என்பது இனிது விளங்கும்.

அஃது அவ்வாறாயினும், நோய் பிராரத்தத்தால் வருவது. ஊழிற்கு உரியதை ஊணைக் குறைத்து விலக்கலாமோ என்பார் உளர். இவ்வினா நம் நூற்பொருளோடு நெருங்கிய தொடர்புடையதாதலின் சிறிது விரித்துரைப்பாம். வினை சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என முத்திறப்படும். முன் செய்தவற்றுள் இப்பிறப்பில் நுகர்தற்கென முகந்துகொண்டது பிராரத்தம்; அதனை நுகருங்கால் விருப்பு வெறுப்பினாற் புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். நோய்க்கு ஏதுவாய்ப் பெற்றோர்வழி வந்த உடலியல்பினைப் பிராரத்தம் என்று கொள்வோமாயினும், இன்று நண்பகலில் இரண்டாம் முறை வாங்கிய பாயசத்தை எவ்வாறு பிராரத்தம் என்பது? கை நீட்டியது நாம். வேண்டும் என்றது நம் நா. இதனையும் ஊழின்மேல் ஏற்றுவோமாயின், பொய்யும் களவும் ஊழென்றே கழிக்கப்படும். விதியும் விலக்கும் கூறும் சரியை நூல்களெல்லாம் பயனிலவாய் முடியும். வந்த நோயை நடுங்காது நுகர்தல் பிராரத்தத்தை நுகர்தல். நோயை அறிந்துவைத்தும் அதற்கு இரையிடுதல் ஆகாமியத்தை ஈட்டுதல். இவ்விரண்டும் தம்முள் வேறென்பதை உணர்ந்தார் ஊழைக் காட்டித் தப்பமுயலார்.

திருநாவுக்கரசர்க்குச் சூலைநோயே அருளாய் வந்ததன்றோ எனின், வந்தது மெய். ஆயினும் அவர் அந்நோயை வேண்டி அழைத்தாரல்லர். வந்தபின் வளர்த்தாரும் அல்லர். தமக்கையார் அளித்த திருநீற்றை ஏற்றுத் திருவதிகையில் நின்று அது நீங்குமாறே வேண்டினார். நோய் நீங்கியபின் அவ்வுடம்பை உழவாரப் பணிக்கு ஆக்கினார். நோய் வாயிலாக அருள் வருதல் உண்டு என்பதனால், நோயை ஆக்கிக்கொள்ளுதல் அருளைப் பெறும் வாயிலாகாது.

இன்னும் சிலர், குருதியைச் சோதித்துப் பார்த்தல் திருவருளில் நம்பிக்கையின்மையைக் காட்டும் என்று அதற்கு உடன்படார். அவர்க்கு எம்மூர் வரலாறே விடை கூறும். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருமுதுகுன்றத்துப் பெருமான்பால் 12,000 பொன் பெற்று, அதனை மணிமுத்தாற்றிலிட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்த வரலாறு யாவரும் அறிந்தது. ஆற்றிலிடுமுன் அதனினின்றும் மச்சம் வெட்டி வைத்துக்கொண்டதும், திருவாரூரில் அப்பொன்னை மாற்றுரைத்துப் பார்த்ததும் அவ்வரலாற்றில் உள்ளனவே. இறைவன் கொடுத்த பொன்னையே உரைகல்லில் உரைத்துப் பார்த்தார் தம்பிரான்தோழர். இறைவன் கொடுத்த உடம்பினை மூன்று திங்களின் சராசரி காட்டும் குருதிச் சோதனையால் அறிந்துகொள்வதிற் குறையென்னை? தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்வழி, வீட்டு வாயிலுக்கே மருந்து வந்துசேரும் காலம் இது. அறிந்துகொள்ள மனமில்லாமையே இனி எஞ்சி நிற்கும் தடை.

இனி, மடங்களிலும் திருக்கோயில்களிலும் எழும் பெருந்தடைக்கு வருவாம். நிவேதித்த சர்க்கரைப் பொங்கலையும் பஞ்சாமிர்தத்தையும் வேண்டா என்றல் சிவாபராதமன்றோ என்பது அது. நிவேதனத்தை இகழ்ந்து ஒதுக்குதல் குற்றமே. அதனை யாமும் உடன்படுகின்றாம். ஆயின் ஏற்றல் என்பதற்கு நிறைய உண்டல் என்பது பொருளன்று. திருநீறு வாங்குங்கால் ஒரு விரற்பிடியில் நாம் நிறைவெய்துகின்றோம். அதனைக் கரண்டியால் அள்ளித் தருக என எவரும் வேண்டுவதில்லை. தீர்த்தம் மும்முறை உள்ளங்கையளவே. சர்க்கரைப் பொங்கலுக்கு மட்டும் திருவருள் கரண்டிக் கணக்கில் வருமோ? பிரசாதம் என்னும் சொற்குத் தெளிவு என்பதும் ஒரு பொருள். தெளிவாய் வந்ததனை மயக்கத்திற்குக் கருவியாக்குதல் தகாது. இரு கையும் ஏந்தி, ஒரு நெல்லிக்காயளவு பெற்று, கண்ணில் ஒற்றி உண்பான் அதன் பயனை முழுதும் பெறுவான். எஞ்சியதைப் பசித்திருக்கும் சிறார்க்கு அளிப்பானாயின் பயன் இரட்டிக்கும்.

இவ்விடத்துப் பரிமாறுவார்க்கும் ஒன்று கூறுதல் வேண்டும். போதும் என்று கை மறித்தாரை, நம் வீட்டில் உண்ணாது எழுந்தால் மனம் வருந்தும் எனக் கூறி மேலும் இடுதல் உபசாரம் என்று கருதப்படுகின்றது. அடியார் வேண்டுவதனை அறிந்து அளித்தலே மாகேசுவர பூசை. அளிப்பார் தம் மன நிறைவுக்காக இடுவது தம்மையே பூசித்துக்கொள்வதாய் முடியும். அன்னம் பாலித்தல் உயிரை வளர்த்தற்கன்றோ ஏற்பட்டது?

வெண்சர்க்கரையன்றோ தீது, வெல்லமும் தேனும் கருப்பட்டியும் நம் முன்னோர் உணவு, அவை தீங்கு செய்யா என்பது மற்றொரு மயக்கம். அவற்றுள் வேறு சில சத்துக்கள் சிறிது உள்ளனவேனும், பெரும்பகுதி சர்க்கரையே. குருதியிற் கலந்தபின் கணையம் அவற்றின் குலத்தை வினவுவதில்லை. நோன்பு நாட்களின் பலகாரமும் இத்தகையதே. சோறு நீத்தோம் எனக் கூறிச் சவ்வரிசிப் பாயசமும் கிழங்கும் வாழைப்பழமும் வெல்லமும் வயிறு நிறைய உண்பது நோன்பின் பெயரை மட்டும் காத்தலாம். இனிப்பென்னும் பெயர் மாறிற்று. நாவின் ஆட்சி மாறவில்லை. மேலே காட்டிய ஆய்வு வகையைவிட அளவே பெரிதென்று கூறியதும் இதனோடு ஒத்து நிற்றல் காண்க.

இஃதன்றி, இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ கொள்வார், மருத்துவரைக் கேளாது முழுப் பட்டினி நோற்றலும் உணவைத் திடீரெனப் பெரிதும் குறைத்தலும் தீங்காம். அந்நிலையிற் குருதியிலுள்ள சர்க்கரை அளவிறந்து தாழ்ந்து, வியர்த்து, நடுங்கி, அறிவு மயங்கி வீழ்தலும் உண்டு. அறிவு மயங்குமுன் அவர் உயிரைக் காப்பது வாயிலிடும் சர்க்கரையே. ஒரு பொருளே ஓரிடத்து நோயாயும் ஓரிடத்து மருந்தாயும் நிற்றலை நோக்குமிடத்து, குற்றம் பொருளின்கண் இல்லை என்பது பெறப்படும். கருப்பஞ்சாற்றால் இறைவனுக்குத் திருமஞ்சனம் ஆட்டுகின்றோம். கரும்பு தீயதாயின் அது நிகழுமோ? பொருளைப் பழித்தல் சைவர்க்கு முறையன்று. பொருளின்மேல் வைத்த பற்றினை ஆராய்தலே முறை.

அப்பற்றின் இயல்பு யாது? உயிர் தான் சார்ந்த பொருளின் தன்மையதாய் நிற்கும் என்பது நம் சித்தாந்தத்துட் சிறப்பாக வலியுறுத்தப்படும் உண்மை. பளிங்கு அடுத்த நிறத்தைக் காட்டுவதுபோல, உயிர் சுவையைச் சார்ந்தவிடத்துச் சுவையேயாய் நிற்கும்; அப்பொழுது அதற்குத் தானும் தோன்றாது, தலைவனும் தோன்றான். பசி அத்தகையதன்று. பசி உடம்பின் கடன், அதற்கோர் எல்லை உண்டு, உண்டவுடன் அடங்கும். நாவின் அவாவுக்கு எல்லை இல்லை, உண்ணுந்தோறும் வளரும். பசிக்கு இடுவது உடம்பைக் காத்தல். பசி அடங்கியபின் நாவிற்கு இடுவது ஆணவத்துக்கு இரையிடுதல். திருவள்ளுவர் மருந்து என்னும் 95-ஆம் அதிகாரத்துள் முதல் ஏழு குறளையும் உண்ணும் முறைக்கே ஆக்கி, மருத்துவனைப் பற்றிப் பின்னரே கூறியதும் அளவின் பெருமை நோக்கியேயாம்.

குருநமசிவாயர் அண்ணாமலையினின்றும் தில்லைக்குச் செல்லும் வழியிற் பசியோடு இத்திருமுதுகுன்றத்தில் தங்கினார் என்றும், அம்மையை முதியவளாகப் பாடிச் சோறு வேண்ட, அவள் கிழவியாய்த் தோன்றிக் கிழவி எங்ஙனம் சோறு கொணர்வாள் என வினவினாள் என்றும், அவர் இளையவளாகப் பாடியபின் இளம் பெண்ணாய் வந்து அமுதளித்தாள் என்றும் கூறுப. உலகீன்ற தாய் வந்தது அவர் பசிக்கு. அவர் வேண்டியதும் சோறே, பண்ணியங்களின் பட்டியலன்று. அரிவாட்டாய நாயனார் கூலிக்கு நெல்லறுத்த நாளிற் செந்நெல்லைப் பெருமானுக்கு அமுதாக்கித் தாம் கார்நெல்லை உண்டார். அதுவும் வாயாதபொழுது மனைவியார் சமைத்தளித்த கீரையை உண்டார். அவர் உடல்நலம் கருதி இது செய்தாரல்லர். ஆயினும் சிறந்ததனை இறைவனுக்கு வைத்து, எளியதில் தம் வயிற்றை நிறுத்திய அவர் நெறி, சிறந்ததெல்லாம் தம் நாவிற்கே என்று நிற்பாரை நாணச் செய்யும்.

முடிவாக ஒன்று. சோற்றைக் குறைக்க என்னும் அறிவுரையை எல்லார்க்கும் ஒருபடித்தாகக் கூறலாகாது. நாள்முழுதும் உழைத்து, நியாயவிலை அரிசியால் வயிறு நிறைப்பானிடம் சென்று, அரிசியைக் குறை என்று மட்டும் கூறுதல் கொடுமை. அவன் மிகுதியாகச் சோறுண்பது அவாவினாலன்று. பருப்பும் பயறும் காயும் வாங்கப் பொருளின்மையால். பசித்தானுக்கு இல்லாமையே நோன்பாய் அமைந்துவிட்டது. அவன்மேல் மற்றொரு நோன்பைச் சுமத்தற்க. அவனுக்குக் குறை என்று சொல்ல வருவார், குறைத்த இடத்தை நிரப்பும் பொருளைக் கையிற் கொண்டு வருதல் வேண்டும். ஆதலின் இதன் கடமை உண்பார்மேல் எவ்வளவு உண்டோ அவ்வளவு ஊட்டுவார்மேலும் உண்டு. திருக்கோயில்களில் 2002-இல் அரசினர் அன்னதானத் திட்டம் தொடங்கினர். மடங்களில் அப்பணி தொன்றுதொட்டு நிகழ்கின்றது. இவ்விடங்களிற் சோற்றின் அளவைச் சிறிது சுருக்கி, கூட்டும் கீரையும் முன்னே இட்டு, ஒரு கைப்பிடிச் சுண்டலும் நீர்மோரும் சேர்ப்பின், பெருஞ்செலவின்றி ஏழையர் உடம்பிற்குப் புரதம் சேரும். நூறு கிராம் துவரம்பருப்பில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உளது; அதே நிறையுள்ள அரிசியில் எட்டுக்கு மேல் இல்லை. சுண்டல் நம் திருக்கோயில்களுக்குப் புதியதன்று. நவராத்திரியில் நாள்தோறும் நிவேதிக்கப்படுவதே. பாயசம் பௌர்ணமிக்கும் குருபூசைக்கும் உரியதாய் நிற்பின் அதற்குரிய சிறப்பும் மீளும். அரிதாய் வருவதன்றோ திருவிழா?

இவ்வாற்றால், இனிப்பையும் மாவுப்பொருளையும் அளவறிந்து குறைத்தல், உடம்பாகிய கருவியைத் தொண்டிற்குக் காத்தலும், ஆகாமியம் ஈட்டாது விலகுதலும், பிறர் பசியை நினைத்தலும் ஆகிய மூன்றனையும் தன்னுள் அடக்கிய ஒழுக்கமாதல் பெற்றாம். இருவினையொப்பு என்பது உயர்ந்த நிலை. இனிப்பையும் கைப்பையும் ஒப்ப உண்டான் அதனை எய்திவிட்டான் என யாம் கூறேம். ஆயினும், இலையின் ஓரத்தில் இருக்கும் பாகற்காயையும் நடுவில் இருக்கும் பாயசத்தையும் ஒத்த மனத்தோடு நோக்கமாட்டாத நாம், இன்பத்தையும் துன்பத்தையும் ஒப்ப நோக்கப் பயிலுவது எவ்விடத்திலிருந்து? பெரிய பயிற்சிக்குச் சிறிய இடமே தக்கது. நாள்தோறும் இருமுறையும் மும்முறையும் நம்முன் விரிக்கப்படும் வாழையிலை அதற்குப் போதிய இடமாம்.

திருச்சிற்றம்பலம்.